எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்

வியாழக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு அப்போதுதான் கடைக்குத் திரும்பியிருந்தேன். மதுராந்தகத்தில் ஃபேன், மிக்ஸி விற்கிற சின்ன கடை என்னுடையது. ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை, போன் அடித்தது. என் தங்கச்சி நூர்ஜஹான். மாமல்லபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

"அண்ணே, பக்கத்துல யாராவது கீறாங்களா?"

"யாரும் இல்ல. சொல்லு."

"இருமுனா ரத்தம் வருது. நேத்து கோடு மாதிரி வந்துச்சு. இன்னிக்கு ஒரு ஸ்பூன் கீது. செவப்பா, நுரையா வருது."

ஷட்டரை மறுபடி கீழே இழுத்துவிட்டேன். அவள் உடனே சொன்னாள்: "வூட்டுல யாருக்கும் தெரியாது. வாஷ்பேசின்ல தண்ணிய வுட்டு கழுவிட்டேன். நீயும் சொல்லிடாத."

"சனிக்கிழமை காலையில வரேன். நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே கையேந்தினேன். என்ன கேட்டேன் தெரியுமா? "யா அல்லாஹ், இவளுக்கு சுகத்தைக் கொடு" என்று கேட்கவில்லை. "யா அல்லாஹ், இது வெளியே தெரியாம மூடி வை" என்றுதான் கேட்டேன். சகோதரர்களே, இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த இடத்தை விட்டுவிட்டு மீதியைச் சொன்னால் அது சாட்சி ஆகாது.

ஏன் மூட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நூருக்குப் பதினெட்டு வயதில் டிபி வந்தது. அத்தா அப்போதே மவுத்தாகிவிட்டார், வீட்டுக்குப் பெரியவன் நான்தான். ஆறு மாசம் ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள். கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "முழுசா குணமாயிடுச்சு. இதோ, வலது பக்கம் மேல மட்டும் ஒரு தழும்பு இருக்கு. அது அப்படியே இருக்கும்" என்றார்.

அதற்கு அடுத்த மாசம் ஜமால் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம். கடற்கரைக்குப் போகிற வழியில் சங்குமாலை, பை, தொப்பி விற்கிற கடை வைத்திருந்தார்கள். நான் அம்மாவையும் நூரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: "டிபின்ற வார்த்தை இந்த வூட்டுல இனிமே வரக்கூடாது." அன்றைக்கு மூடியது. பதினாறு வருஷம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் "முன்னாடி ஏதாவது வியாதி?" என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றே சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்தது அது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் மாமல்லபுரம் போய்விட்டேன். ஜமால் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மதரஸாவுக்குப் போயிருந்தார்கள். நூருடைய மாமியார் மும்தாஜ் மாமி எனக்கு நாஸ்தா எடுத்து வைத்தார். இடியாப்பம். நூர் சமையல்கட்டில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். முகம் வெளுத்திருந்தது.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். உள்ளே இருமல் சத்தம். நிற்கவில்லை. பாத்திரம் விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் சின்க்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். வாயிலிருந்து ரத்தம். நான் நினைத்தது போல ஸ்பூன் கணக்கு இல்லை. ஒரு இருமலுக்கு ஒரு டம்ளர் போல வந்தது. சின்க் முழுக்க, தேங்காய்ப்பாலில், அவள் புடவையில், தரையில். வெளிச்சம் பட்டுப் பளபளவென்று சிவப்பாக, மேலே நுரையோடு.

"யா ரப்பே! இன்னாடா இது! ஜமாலு, ஓடியா!" மாமி அலறினார்.

ஜமால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நல்லவேளை, வண்டி பக்கத்தில்தான் நின்றிருந்தது. பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. மாமி நூரைப் பாயில் மல்லாந்து படுக்க வைக்கப் பார்த்தார். படுத்ததும் மூச்சு முட்டித் திமிறி எழுந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே இருமிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் வந்த உதவியாளர் ஒரு இளம்பெண். சீருடையில் ஓடி வந்தார். பதட்டமே இல்லை. மூக்கில் ஆக்சிஜன் மாட்டிக்கொண்டே கேட்டார்: "முன்னாடி டிபி, நெஞ்சு வியாதி ஏதாவது? ஹார்ட் பிரச்னை? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறாங்களா?"

"ஒண்ணியும் இல்ல மேடம். நல்லாத்தான் இருந்தா" என்றார் ஜமால்.

"எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு ஏதாவது தெரியுமா? வலதா, இடதா?"

ஜமால் விழித்தார். நூருக்குப் பேச முடியவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். வாயெல்லாம் ரத்தம். அந்த நிலையிலும் தலையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். சொல்லாதே என்று.

நான் சொல்லவில்லை.

அந்தப் பெண் ஒரு நொடி யோசித்துவிட்டு, வழக்கமாகச் செய்வது போல அவளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். தலைமாட்டில் ரத்தம் உறிஞ்சுகிற குழாயோடு உட்கார்ந்துகொண்டார். நானும் மாமியும் பின்னால் ஏறினோம். ஜமால் முன்னால் டிரைவரோடு. செங்கல்பட்டுக்கு விரட்டினார்கள்.

நூருடைய விரலில் ஒரு சின்ன கருவி மாட்டியிருந்தது. உடம்பில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏறும்போது தொண்ணூறு காட்டியது. ஊரைத் தாண்டும்போது எண்பத்தைந்து. திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படுகிற நேரத்தில் எழுபத்தெட்டு. அவள் உதடு கருநீலமாக மாறிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். அந்தப் பெண்ணின் நெற்றியில் முதல் முறையாக வியர்வையைப் பார்த்தேன். "ஏன் இறங்கிக்கினே போவுது?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

நான் கண்ணை மூடி துஆ செய்தேன். "யா அல்லாஹ், என் தங்கச்சியக் காப்பாத்து. ஏதாவது ஒரு வழி காட்டு." திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது என் உள்ளத்தில் ஒன்று வந்து விழுந்தது. வானத்தில் இருந்து குரல் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். என் மனசுதான். ஆனால் என் மனசு சாதாரணமாக அப்படிப் பேசாது. வழி உன் வாயில் இருக்கிறது, அதை மூடிக்கொண்டு என்னிடம் எதைக் கேட்கிறாய் என்றது.

கண்ணைத் திறந்தேன். "மேடம், வலது பக்கம். வலது பக்கம் மேல. பதினெட்டு வயசுல டிபி இருந்துச்சு. ஆறு மாசம் மருந்து சாப்பிட்டா. எக்ஸ்ரேல தழும்பு இருந்துச்சு."

அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "புடிங்க, திருப்பணும்" என்றார். மூன்று பேருமாக அவளை வலது பக்கம் சாய்த்தோம். குழாயை விட்டு வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்தார். நான் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. அப்படியே நின்றது. பிறகு எண்பத்திரண்டு. செங்கல்பட்டு எல்லைக்கு வரும்போது எண்பத்தெட்டு.

அதன் காரணத்தைப் பிறகு டாக்டர் எனக்குப் புரிய வைத்தார். ரத்தம் கசிகிற நுரையீரல் மேலே இருந்தால், கசிவதெல்லாம் வழிந்து கீழே இருக்கிற நல்ல நுரையீரலையும் நிரப்பிவிடும். கசிகிற பக்கம் கீழே இருந்தால் நல்ல பக்கமாவது மூச்சு விடும். "இந்த மாதிரி கேஸ்ல ரத்தம் குறைஞ்சு சாகறதுக்கு முன்னாடியே மூச்சுக்குழாய் அடைச்சு செத்துடுவாங்க பாய். தண்ணில மூழ்குற மாதிரி" என்றார். என் தங்கை அரை மணி நேரம் மூழ்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டிக்குள் மாமி நூருடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதே அந்தப் பெண் கத்தினார்: "வலது பக்கம், பழைய டிபி!" உள்ளே ஓடி வந்தவர்கள் அதையே திரும்பச் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். பதினாறு வருஷம் நான் ஒளித்து வைத்த வார்த்தை. அதைக் கேட்டு ஜமால் என்னைப் பார்த்தார். "மச்சான்?" என்றார். அவ்வளவுதான். அதற்குள் அவரை ரத்தம் கொடுக்க அழைத்துக்கொண்டு போனார்கள். அவருடைய குரூப்பும் அவளுடையதும் ஒன்று.

இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். ரத்தம் உறைய மருந்து கொடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, கேமரா வைத்த குழாயால் பார்த்து, இடது பக்கத்து நல்ல நுரையீரலுக்கு மட்டும் மூச்சு போகிற மாதிரி டியூப் வைத்தார்கள். பிறகு ஸ்கேன். சீனியர் டாக்டர் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், எங்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். டிபி ஆறின இடத்தில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் காளான் வகை பூஞ்சை ஒன்று உருண்டையாக வளர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் வீங்கிப் போய், அதில் ஒன்று உடைந்திருக்கிறது.

"டிபி திரும்ப வந்துடுச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இப்ப டிபி இருக்கிற மாதிரி தெரியல. சளிய டெஸ்டுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம். அது எப்பவோ குணமாகியிருக்கு. அது விட்டுட்டுப் போன ஓட்டைதான் இது. உங்க தங்கச்சி ஒரு தப்பும் பண்ணல. மாத்திரைய ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்காங்க."

ஒரு தப்பும் பண்ணல. அப்படியானால் நாங்கள் எதை மூடினோம்? எதற்காக?

அடுத்து செய்ய வேண்டியதைச் சொன்னார். தொடையில் இருக்கிற ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூபை நுழைத்து, நெஞ்சு வரைக்கும் கொண்டு போய், கசிகிற குழாயைத் தேடிப் பிடித்து உள்ளேயிருந்தே அடைப்பார்களாம். அதற்கென்று உள்ள டாக்டர் வந்துகொண்டிருக்கிறார். முதுகுத் தண்டுக்குப் போகிற குழாயும் அங்கேதான் இருக்கிறது, அபூர்வமாகக் கால் விளங்காமல் போகலாம் என்றார். அது பலிக்காவிட்டால் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன், ஆனால் இந்த நிலையில் அது ரொம்ப ஆபத்து. ஜமால் கையெழுத்துப் போட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் மாமி வாயைத் திறந்தார்.

"எப்பத்துல இருந்து ரத்தம் வருதுன்னு உனக்குத் தெரியும்?"

"வியாழக்கிழமை போன் பண்ணா மாமி."

"வியாழக்கிழம." மாமி அதைத் திரும்பச் சொன்னார். "இன்னிக்கு சனி. இன்னா மனுசன்யா நீ? டிபிய மறைச்சியே, அத்த நான் கேக்கல. அந்தக் காலத்துல சொல்லியிருந்தா நானே வேணான்னு இருப்பேன், அது வேற. வியாழக்கிழம சொல்லியிருந்தா நான் அன்னிக்கே தூக்கினு வந்திருப்பேன்ல? பொண்ணு என் வூட்டுல கீறா. ரத்தம் துப்பிட்டு எனக்கு எடியாப்பம் புழிஞ்சிகினு இருந்திருக்கா."

அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நான் கிளம்பவில்லை.

எதிர் பெஞ்சில் வசந்தா என்று ஒரு அம்மா இருந்தார். திருக்கழுக்குன்றத்தில் கோயிலுக்குப் பூ கட்டுகிறவர். அவருடைய வீட்டுக்காரருக்கும் இதே போல ரத்தம், காலையில் கொண்டு வந்திருக்கிறார்கள். பல வருஷமாகப் பீடி குடித்தவர், நுரையீரலில் புற்றுநோய். அந்த அம்மா விபூதிப் பொட்டலம் ஒன்றைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலை இருக்கிற திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, "உங்க தங்கச்சிக்கும் சேர்த்துதான் வேண்டிக்கிறேன் பாய்" என்றார். நானும் அவருடைய வீட்டுக்காரருக்கு துஆ செய்கிறேன் என்று சொன்னேன். பேரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை இருந்தது. குழாயில் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, என் தோள் துண்டை விரித்து அஸர் தொழுதேன். நெற்றி தரையில் பட சஜ்தாவில் போனதும் எழுந்திருக்க மனசு வரவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். வெகு நேரம் அதையேதான் கேட்டேன். "என் மானத்தைக் காப்பாத்துன்னு உன்கிட்ட கேட்டேனே, என் பிள்ளை மாதிரி வளர்த்த தங்கச்சி உயிரை வெச்சு அதைக் கேட்டேனே. மன்னிச்சுடு. இப்ப எனக்கு எந்த மானமும் வேணாம். அவ குடும்பம் என்னை வெறுத்தாலும் சரி. அவ மூச்சு மட்டும் நிக்கக்கூடாது. இந்த டாக்டரோட கைய நீ நடத்து." இவ்வளவுதான் என் துஆ. அரபியில் ஒரு வார்த்தை வரவில்லை. நம் வீட்டு பாஷையில்தான் அழுதேன். அவனுக்குத் தெரியாத பாஷையா?

தொழுகையை முடித்து சலாம் கொடுத்துத் திரும்பினால் ஜமால் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு. என் துண்டிலேயே அவரும் தொழ நின்றார். நான் நகர்ந்து இடம் விட்டேன்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கதவு திறந்து, குழாயை அடைக்க வந்திருந்த டாக்டர் வெளியே வந்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "புடிச்சு அடைச்சாச்சு. ரெண்டு குழாய் கசிஞ்சுது. இப்ப நின்னுருக்கு" என்றார். மாமி அப்படியே தரையில் சஜ்தாவில் விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே என்ற வார்த்தையை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் கனம் தெரிந்தது.

அதே சாயங்காலம் வசந்தா அம்மாவின் வீட்டுக்காரர் போய்விட்டார்.

இதை நான் விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால் மனசு ஒப்பவில்லை. அந்த அம்மாவும் கேட்டார், நானும் கேட்டேன். ஒரே வராந்தா. அவருடைய வீட்டுக்காரருக்காக நானும் கேட்டேன். என் துஆ ஏறியது, அவருடையது ஏறவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நான் அவரைவிட எந்த விதத்திலும் நல்லவன் இல்லை. சொல்லப்போனால் அந்த வராந்தாவில் குற்றவாளி நான் ஒருவன்தான். எனக்குக் கொடுக்கப்பட்டது கூலி இல்லை, பிச்சை. ஏன் எனக்கு என்று இதுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மா உடலை எடுத்துக்கொண்டு போகும்போதும் என்னிடம் வந்து, "தங்கச்சி எப்படி?" என்று கேட்டார். "பொழைச்சுக்கும்" என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. "நல்லா இருக்கட்டும்" என்றார். அந்த வேண்டுதலும் எங்களுக்காக ஏற்கப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது நாள் நூருக்கு நினைவு திரும்பியது. வாயில் டியூப், பேச முடியாது. நர்ஸ் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்தார். அவள் முதலில் எழுதிய வார்த்தை என்ன தெரியுமா? தண்ணீர் கேட்கவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை. கோணல்மாணலாக, "அவங்களுக்குத் தெரியுமா?" என்று எழுதினாள்.

ஜமால் அதை வாங்கிப் படித்தார். அவளுடைய முடியை ஒதுக்கிவிட்டார். "தெரியும். பேசாம தூங்கு" என்றார்.

அவள் கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்தது. பதினாறு வருஷத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அடுத்த வாரமே சளி டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. மூன்று மாசம் கழித்து, உடம்பு தேறியதும், அந்தப் பொந்து இருந்த பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் ரத்தம் மறுபடி வரலாம் என்றார்கள். ஒவ்வொரு செக்கப்புக்கும் மாமிதான் கூட்டிக்கொண்டு போகிறார். டாக்டர் கேட்பதற்கு முன்னால் பழைய டிபி கதையை அவரே சொல்லிவிடுகிறாராம். என்னிடம் ஆறு மாசம் பேசவில்லை. பெருநாளைக்குப் போனபோது பிரியாணியைத் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினார். "துண்ணு" என்றார். நான் அதற்கும் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

என் வாழ்க்கையில் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துஆ செய்யும்போது இப்போது கொஞ்சம் பயப்படுகிறேன். அல்லாஹ்விடம் இல்லை, என்னிடம். நான் கேட்பது நல்லதுதானா, அதற்கு வேண்டியதை நான் செய்துவிட்டேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் அனுமதி கேட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து நின்று இதைச் சொன்னேன். முடித்து வெளியே வந்தபோது ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மகளுக்கு மூன்று வாரமாக இருமலாம். நிச்சயம் ஆகியிருக்கிறது, அதனால் தயங்குகிறார்கள். அடுத்த நாள் காலையில் நானே அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிபிதான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொன்னார்கள். கல்யாணத்தை ஆறு மாசம் தள்ளி வைத்தார்கள், நிறுத்தவில்லை.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது இருமி ரத்தம் பார்த்தால், ஒரு சொட்டாக இருந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நூருக்குப் பழைய டிபி, வசந்தா அம்மாவின் வீட்டுக்காரருக்குப் புற்று, வேறொருவருக்கு இதயத்தில் கோளாறாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்வது நம் வேலை. போகிற வழியெல்லாம் துஆ கேளுங்கள். உங்கள் பாஷையில், உங்கள் அழுகையில் கேளுங்கள். என்னைப் போல ஒருவனுக்கே அவன் செவி சாய்த்தான் என்றால் உங்களுக்கு நிச்சயம் சாய்ப்பான். கேட்டுவிட்டு அவன் காட்டுகிற வழியில் எழுந்து நடங்கள்.

இதை எழுதும்போது தங்கையின் பேரை மாற்றிப் போடலாம் என்று நினைத்தேன். படித்துக் காட்டினேன். நூர் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என் பேரையே போடு அண்ணே. ஊர் பேரையும் போடு. படிச்சிட்டு யாருக்காவது பயமா இருந்தா, வூட்டுக்கு வந்து என்னியப் பார்க்கட்டும்."

போட்டிருக்கிறேன்.